வாசலில் மாட்டிய போர்டு

அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் சர்க்கரை இப்போது எவ்வளவு, அம்மாவின் கால் வீக்கம் வடிந்ததா என்று எழுதுங்கள்.

முதுகு ஆபரேஷன் முடிந்து பதினெட்டு நாளாகிறது. தண்டுவடத்தை ஒட்டி ஒயரும், இடுப்பில் தோலுக்கடியில் தீப்பெட்டி அளவு பேட்டரியும் வைத்திருக்கிறார்கள். ரிமோட்டை அமுக்கினால் வலி பாதி குறைகிறது. ஆறு வாரம் குனியக் கூடாது என்பதால் அறையில் கூட இருப்பவன்தான் சாக்ஸ் மாட்டிவிடுகிறான். "டிவி ரிமோட்டுனு நெனச்சு உன்னை ஆஃப் பண்ணிடப் போறேன்டா" என்று சிரிக்கிறான்.

நேற்று ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஃபோர்மேன் வாசலிலேயே மறித்தார். "உள்ள வராதப்பா. வெல்டிங் மிஷின் கிட்ட போனா அந்தக் கருவி தாறுமாறா ஷாக் அடிக்குமாம். நீ லீவுக்குக் குடுத்தனுப்புன டாக்டர் சீட்டுல இருக்கே, உன்கிட்ட சொல்லலையா?"

தப்பு என்னுடையதுதான். என்ன வேலை என்று நர்ஸ் கேட்டபோது, சொந்தக்காரர்களிடம் சொல்வதுபோலவே 'கம்பெனி வேலை' என்று கெத்தாகச் சொல்லிவிட்டேன். வெல்டர் என்றிருந்தால் முன்பே எச்சரித்திருப்பார்கள். தெரிந்திருந்தாலும் சம்மதித்திருப்பேன் அப்பா, வலி அப்படி.

"ஸ்டோர்ல உக்கார வைக்க முடியுமான்னு கேட்டுப் பாக்குறேன்" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல்.

கவலைப்படாதீர்கள். யாராவது வந்தால் உங்களுடைய பழைய துண்டு இரண்டு கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்கியது தையலில் உரசுகிறது.

அப்புறம், நான் வந்து கடை திறப்பேன் என்று 'வெல்டிங் வேலைகள் செய்து தரப்படும்' என எழுதி வாசலில் மாட்டிவைத்தீர்களே, அந்தப் போர்டை இறக்கி உள்ளே வையுங்கள். அம்மா கேட்டால், வெயிலில் பெயின்ட் போகிறது என்று சொல்லிவிடுங்கள்.

பேட்டரிக்கு சார்ஜ் போட வேண்டும். நிறுத்துகிறேன்.

உங்கள் மகன்