எனக்குப் பதிலாகப் பேசப் போகிறவள்

அன்புள்ள பெரியவனுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் இரண்டு முட்டிகளைத் தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். அங்கே நீயும் உன் பெண்டாட்டியும் பேத்திகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று விவரமாக எழுது, போனில் கேட்டால் "சூப்பரா இருக்கோம்மா" என்று ஒரே பதில்தான் வருகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் தம்பியும் தங்கச்சியும் போனில் என்னைப் பற்றி மாநாடு நடத்தினீர்களே, தம்பி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு "அம்மா காதுல மெஷின் மாட்டல, தைரியமாப் பேசுங்க" என்றான். நீ அனுப்பிய மெஷின்தான், முடிக்குள் மறைந்திருந்தது, நல்ல மெஷின், ஒரு வார்த்தை தவறவில்லை. நீ சொன்ன முதியோர் இல்லத்தின் படத்தையும் பார்த்தேன். கிழவிகள் எல்லாரும் ஆளுக்கொரு பந்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். எனக்குப் பந்து பிடிக்கத் தெரியாது, சொன்னவுடன் சிரிப்பும் வராது. பாத்ரூமில் கைப்பிடி வைத்தாயிற்று, பகலில் என்னைப் பார்த்துக்கொள்ள ஒருத்தி வருகிறாள், பாதி நேரம் அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போதைக்கு இது போதும். எழுந்து நடக்க முடியாமல் போனால் அந்தப் பந்து வீட்டுக்கே போகிறேன், யாரும் மூக்கைச் சிந்த வேண்டாம்.

ஆனால் எனக்கு நினைவு தப்பினால் டாக்டரிடம் பேச ஒரு ஆளை இப்போதே சொல்லி வைக்க வேண்டும் என்று வக்கீல் வந்தார். மூத்தவன் நான்தானே என்று நீ இருந்திருப்பாய். நான் சின்ன மருமகளைச் சொன்னேன். தம்பி குடித்துக்கொண்டிருந்த டீயைச் சட்டையிலேயே கொட்டிக்கொண்டான். "அவகூட நீ பேசுறதே இல்லையேம்மா" என்றான். ஆமாம், பேசுவதில்லை. வக்கீலுக்கு முன்னாலும் பேசவில்லை. தேற வழியில்லை என்றானால் எனக்கு டியூப் எதுவும் வைக்கக் கூடாது என்று அவரிடம் எழுதச் சொன்னேன். அவள், "டியூப் வேணாம்னா கடைசி வரைக்கும் வேணாம்தானே, அப்புறம் மாத்திப் பேசக் கூடாது அத்தை" என்றாள். மாற்ற மாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள் என்று வக்கீலிடம் சொன்னேன். பாவம், இரண்டடி தூரத்தில் நின்றவளுக்கு அவரும் சொன்னார்.

அப்பா வாங்கிய ஃபிரிட்ஜ் உனக்கு ஞாபகம் இருக்கும். பழுதாகிப் போன பிறகும் ரிப்பேர் மேல் ரிப்பேர். நீ அங்கிருந்தே "என்ன செலவானாலும் பரவால்ல, சரி பண்ணுங்க" என்றாய். என் மனசு நோகக் கூடாது என்று ஆளாளுக்குத் திரிந்த பாலைக் குடித்தார்கள். நான் குளிக்கப் போன நேரம் பார்த்து அவள் அதைப் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட்டுவிட்டாள். ஈரத் தலையோடு வந்து நின்று கேட்டேன். "சத்தம் மட்டும்தான் வந்துச்சு அத்தை, குளிர் வரல" என்றாள். அன்றைக்கு நிறுத்தியதுதான் பேச்சு.

அதே "என்ன செலவானாலும் பரவால்ல" என்பதைத்தான் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நீ போனில் சொன்னாய். இனி தேற மாட்டார் என்று டாக்டர் சொன்ன பிறகும் சொன்னாய். எல்லாம் செய்தார்கள். குழாயைப் பிடுங்குகிறார் என்று இரண்டு கையையும் கட்டிலோடு கட்டினார்கள். மூக்கில் ஈ உட்கார்ந்தால் என்னைப் பார்ப்பார், நான் விசிறுவேன். உனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை, அதனால் நீ அதைப் பார்க்கவில்லை. உனக்குப் பாசம் இல்லை என்று சொல்ல மாட்டேன், அது இருப்பதுதான் எனக்குப் பயம். முடிந்துபோனதை முடிந்தது என்று சொல்ல இந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் வாய் இருக்கிறது. அவளை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த நாளில் அவள் உனக்குப் போன் செய்வாள். போனை டாக்டரிடம் கொடு என்று கேட்காதே. சரி என்று சொல். அழுவதென்றால் போனை வைத்துவிட்டு அழு.

பேத்திகளுக்கு என் முத்தம். நீயும் உன் குடும்பமும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு போ.

இப்படிக்கு,
மெஷின் மாட்டியிருக்கும் உன் அம்மா

பின்குறிப்பு: அவள் வாங்கிய புது ஃபிரிட்ஜ் நன்றாகத்தான் குளிர்கிறது. இதை அவளிடம் சொல்லித் தொலைக்காதே.