குழிக்கு ஓர் ஏணி

ரியாத்
ஆகஸ்ட் 1996

அன்புள்ள ராசாத்தாளுக்கு,

நான் சுகம். உன் முதுகுவலி குறைந்ததா, செவலை மாடு ஒழுங்காகத் தீனி தின்கிறதா என்று எழுது.

போன வாரம் பண்ணையில் தீவன மேட்டின் மேல் நின்று, அது புளிப்பதற்கான மருந்து தெளிக்கும்போது சறுக்கி விழுந்தேன். பயப்படாதே, நறுக்கின சோளத்தட்டு மெத்தை மாதிரிதான் இருந்தது. டிராக்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. நானே எழுந்து வந்துவிட்டேன்.

உன் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். "மக்காச்சோளத்தட்ட நறுக்கி, மாட்டுக்கு ஊறுகாய்ப்புல்லுக்குக் குழி ரொப்பியாச்சுங்க. வெல்லப்பாகு தெளிச்சாப் பூசணம் புடிக்காதுன்னு பால் சொசைட்டி கிருபாசங்கர் சொன்னாருங்க. அவரே எறங்கி எங்கூட மிதிச்சுக் குடுத்தாருங்க" என்று எழுதியிருக்கிறாய்.

மக்காச்சோளத்திலேயே இனிப்பு இருக்கிறது. குழியில் மூடி வைத்தால் பாகு இல்லாமலும் அது நன்றாகப் புளிக்கும். தினமும் இதே வேலையைச் செய்கிற என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். உள்ளே காற்று நிற்காமல் மிதிப்பதுதான் முக்கியம். மிதிக்க நம் பங்காளிகள் யாரும் கிடைக்கவில்லையா?

அந்தக் குழி நான் வெட்டியது, உன் தலைக்கு மேல் ஆழம். ஏணியில் இரண்டு படி உடைந்து கிடந்தது. சோற்று நேரத்துக்கு எப்படி மேலே ஏறினாய், யார் கை கொடுத்தது என்று மட்டும் நீ எழுதவில்லை.

ஆனைமலைக்காரர் ஒருவர் லீவில் வருகிறார். திரும்பும்போது அவரிடம் பருப்புப்பொடி கொடுத்தனுப்பு. உன் போட்டோ ஒன்றும் வை.

வேலைக்கு வண்டி வந்து ஹாரன் அடிக்கிறது. குழியைத் திறப்பதற்குள் ஆசாரியிடம் சொல்லி ஏணிக்குப் படி போட்டுவிடு.

தம்பிதுரை