கார்டு போட்டுக் கூப்பிட்ட கூட்டம்

29.10.06 ஞாயிறு

காலையில் தூறல். பிறகு வெயில். தீபாவளிக்கு ஊருக்குப் போன தெற்கத்தி ஆட்கள் இன்னும் திரும்பவில்லை. பனியன் கம்பெனிகள் பாதி மூடிக் கிடக்கின்றன. தெருவில் மிஷின் சத்தம் இல்லை. பேனா காகிதத்தில் உரசுவது எனக்கே கேட்கிறது. நல்ல சத்தம்.

இன்று முதல் நான் நாடக மன்றத்துக்குச் செயலாளர்.

பழைய செயலாளர் மகனோடு கோயமுத்தூர் போய்விட்டார். செயலாளருக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று மன்றத்தில் ஒரு சட்டம். அதனால் இத்தனை காலம் நான் வெறும் மேனேஜர். மைக் செட் சொல்வது. தாராபுரத்திலிருந்து ஆர்மோனியத்தைப் பஸ் மேலே ஏற்றி வருவது. ராஜாவுக்கும் ராணிக்கும் ஒத்திகையில் சண்டை வந்தால் விலக்குவது. தைக்கிறவன், வெட்டுகிறவன், மடிக்கிறவன் எல்லாரும்தான் நடிகர்கள். அவரவர் முதலாளியிடம் போய் நின்று லீவு கேட்பது. எல்லாம் நான். பேர் மட்டும் எழுத்தில் எங்கும் இல்லை. போன வருசம் ரேசன் கடைக்குப் பின்னால் மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். போனேன். இதோ எழுதுகிறேன்.

தலைவர் வேலுச்சாமி, "செயலாளரே, மொத வேலையே பெரிய வேலைங்க" என்றார்.

நாடகம் நின்றுபோய் மன்றத்து மண்டபம் வருசக்கணக்கில் பூட்டிக் கிடக்கிறது. அவருடைய நிட்டிங் கம்பெனிக்கு நூல் மூட்டை வைக்க இடம் இல்லை. மன்றத்தைக் கலைத்துவிட்டு மண்டபத்தைத் தனக்கு வாடகைக்கு விடலாம் என்கிறார். கெட்ட மனுசன் இல்லை. ஓடு உடைந்தபோது மாற்றியது அவர்தான். கூட்டம் கூட்டாமல் எதுவும் செய்ய மாட்டார். 12ஆம் தேதி கூட்டம். உறுப்பினர் பாதிப் பேர் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த ஞாயிறு மறுகூட்டம். அதற்கும் வராவிட்டால் குடோன்.

"வருவாங்களா?" என்றார்.

"வராம?" என்றேன்.

1.11.06 புதன்

வெயில். மத்தியானம் புழுக்கம். தபாலாபீசில் கார்டு ஒரு கட்டு வாங்கினேன். கறுப்புப் பேனா ஒன்று. புதுசு.

உறுப்பினர்கள் எல்லாரும் கிழடுகள். பல்லடம், சேவூர், அவிநாசிபாளையம் என்று சிதறிக் கிடக்கிறார்கள். ஒரு கார்டுக்கு ஒரு காலைப்பொழுது ஆகிறது. என் எழுத்து பெரிசு. கார்டு சின்னது. கடைசி வரி ஓரத்தில் மடங்கி மேலே ஏறுகிறது.

ராமாத்தா வந்து எட்டிப் பார்த்தாள். (என் சம்சாரம். முழுதாக எழுதக் கை வலிக்கிறது. இனி ரா.)

"எழுதறீங்களா, கோலம் போடறீங்களா?"

"பேசாத போ. தப்பிப்போகும்."

"ஏனுங்க, நேர்ல போய் ஒரு வார்த்த சொல்லிப்போட்டு வந்தா ஆகாதுங்களா? எப்பவும் அப்பிடித்தான போவீங்க?"

மேனேஜர்தான் வீடு வீடாகப் போவான், செயலாளர் எழுதுவான் என்றேன். ரா. சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டு போனாள்.

3.11.06 வெள்ளி

கார்டு எல்லாம் தபால் பெட்டியில். போட்ட பிறகு பெட்டிக்குள் கை விட்டுப் பார்த்தேன். எல்லாம் விழுந்துவிட்டது.

திரும்பி வரும்போது மண்டபத்தைத் திறந்து கூட்டினேன். மேடை அப்படியே இருக்கிறது. பக்கத்து அறையில் பழைய தாடி ஒன்று. கம்பெனி வேஸ்ட் பஞ்சில் செய்தது. எங்கள் நாடகத்தில் முனிவர்கள் எல்லாருக்கும் கோம்பிங் பஞ்சுத் தாடிதான். வேர்வை பட்டால் உருண்டு உருண்டு வரும். முனிவர் சாபம் கொடுக்கும்போது தாடி வாய்க்குள் போகும்.

ஒரு வருசம் திரைக்குச் சாயப்பட்டறையில் ரிஜெக்ட் ஆன துணி கேட்டு வாங்கினேன். நல்ல சிவப்பு. நாடகம் பாதியில் மழை. சாயம் கழன்று ராணி தலையில் சொட்டுச் சொட்டாக. ஜனம் எல்லாம் ராணியை யாரோ கொன்றுவிட்டார்கள் என்று எழுந்து நின்றது. ராணி நிறுத்தாமல் பாடி முடித்தாள். அவள் மறுநாள் வேலைக்குப் போனபோது கழுத்து இன்னும் சிவப்பு.

தாடியைத் தட்டி வைத்தேன். தும்மல்.

12.11.06 ஞாயிறு

மேகமூட்டம். மழை இல்லை.

கூட்டத்துக்கு வந்தவர்கள்: வே.சா. (தலைவர் வேலுச்சாமி). நான். பக்கத்துக் கடையிலிருந்து ஒரு தட்டு நிறைய டீ.

பெஞ்சு எல்லாம் துடைத்து வரிசையாகப் போட்டிருந்தேன். உட்கார ஆள் இல்லை. டீயில் ஆடை கட்டியது. வே.சா. ஒரு டம்ளர் குடித்தார். என்னையும் குடிக்கச் சொன்னார்.

"அவங்களுக்கு மனசு விட்டுப் போச்சுங்ணா. நீங்க வருத்தப்படாதீங்க. அடுத்த ஞாயித்துக்கெழமையும் பாத்துப்போட்டு, அப்பறம் சாவியக் குடுங்க."

கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம்.

ஒருத்தர் கூடவா வரவில்லை?

13.11.06 திங்கள்

தூறல். இன்று நடந்ததை எழுத எனக்குச் சிரிப்பாகவும் இருக்கிறது, அழுகையாகவும் இருக்கிறது.

வாசலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். (தலைப்பு மட்டும். உள்ளே பொடி எழுத்து.) ஆட்டோ வந்து நின்றது. காதர் இறங்கினான். எங்கள் நாடகத்து பபூன். பல்லடத்தில் பழுதான செகண்ட்ஸ் பனியன் வியாபாரம். கையில் பெரிய சம்பங்கி மாலை. என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான்.

"டேய் ஆறுமுகம்."

"வாப்பா காதரு. யாருக்கு மாலை?"

"உனக்குத்தாண்டா!"

ஈரோட்டுக்குச் சரக்கு எடுக்கப் போய் இன்று காலைதான் திரும்பினானாம். கடையில் கார்டு கிடந்திருக்கிறது. அவனுக்குப் படிக்கத் தெரியாது. கடைப் பெண் பார்த்து, ஆறுமுகம்னு பேரு போட்டிருக்குங்க, அடியில பன்னெண்டாம் தேதின்னு இருக்குங்க, மத்த எழுத்து ஒண்ணும் புரியலீங்க என்றிருக்கிறாள்.

"உனக்கு எழுத வராதுன்னு ஊருக்கே தெரியும். உன்ற பேர்ல கார்டு வந்தா என்னன்னு நெனைக்கிறது? எழவுச் சேதிதான் கார்டுல வரும். பன்னெண்டாந் தேதி கருமாதியின்னு வெச்சுக்கிட்டேன். ஒரு நாள் தள்ளிப் போச்சேன்னு ஆட்டோவுலயே அழுதுக்கிட்டு வாறேன்."

ரா. உள்ளேயிருந்து வந்தாள். மாலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும்.

"நான் அப்பவே சொன்னனுங்க, நேர்ல போங்கன்னு."

காதர் மாலையைத் திருப்பிக் கொண்டுபோக மாட்டேன் என்றான். வாங்கின மாலையைத் திருப்பினால் ஆகாதாம். என் கழுத்தில் போட்டான். மணமாக இருந்தது. சாயங்காலம் வரைக்கும் கழட்டவில்லை.

புரிந்துவிட்டது. மாலையோடு நடந்து யோசித்தேன். நாளைக்கே பஸ்.

14.11.06 செவ்வாய்

வெளிச்சம் வந்ததும் கிளம்பினேன். வெற்றிலை பாக்கு ஒரு பை. அவிநாசிபாளையம். முன்னெல்லாம் பஸ்ஸை நிறத்தையும் ஹாரனையும் வைத்துத்தான் தெரியும். இன்று போர்டு படித்து ஏறினேன். உள்ளே ஜன்னலுக்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்றும் படித்தேன். பெண்கள். இத்தனை வருசம் நான் பெண்கள் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறேன். ஒருத்தரும் சொல்லவில்லை. எழுந்து நின்றுகொண்டேன்.

கார்டுக்கு என்ன ஆனது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டேன்.

மைக் செட்காரர் வீடு: கேட்டிலேயே கிழித்துப் போட்டுவிட்டார்கள். எழவுக் கார்டு ஊட்டுக்குள்ள வரக்கூடாதாம்.

பழைய ஓவர்லாக் டெய்லர் வீடு: யாரோ தூரத்துச் சொந்தம் செத்துப்போச்சு என்று புருசனும் பெண்டாட்டியும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக் குளித்துவிட்டார்கள்.

திரை வரைந்தவர் வீடு: அவர் கார்டைப் படித்திருக்கிறார். "ஆறுமுகம் பேர்ல எவனோ வெளையாடறான்"னு கூரையில் செருகி வைத்திருந்தார்.

ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்தேன். மோர், காப்பி, மறுபடி மோர். பேச்சு எல்லாம் பழைய நாடகம். எந்த வருசம் யார் வசனத்தை மறந்தது. ஆர்மோனியம் எந்தப் பாலத்தில் பஸ் மேலிருந்து விழுந்தது. வெற்றிலை கொடுத்து, ஞாயித்துக்கெழம வந்து நடத்திக் குடுங்க என்று சொன்னேன். அந்த வார்த்தை நாக்கில் தானாக வந்தது. எழுத வேண்டியதே இல்லை.

வயிறு முழுக்க மோர். ராத்திரிச் சோறு வேண்டாம் என்றேன்.

16.11.06 வியாழன்

சேவூர். நல்ல மழை பெய்து ஓய்ந்திருந்தது. மண் வாசம்.

சென்னியப்பனைப் பார்க்கப் போனேன். எங்கள் ராஜா. எந்த நாடகம் என்றாலும் ராஜா அவன்தான். அவன் வந்தால்தான் மற்றவர்கள் வருவார்கள். இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தோட்டத்தில் எருமைக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி.

அவனுக்குப் படிக்கத் தெரியும்.

"கார்டு வந்துச்சு. படிச்சேன். தவறாமல் வரவும்னு எழுதியிருக்கே. கரண்டு பில்லு கட்டச் சொல்ற மாதிரி."

"தப்புதான்யா."

"ராசா வேசத்துக்கு என்னைய எத்தன நடை கூப்புடுவே, சொல்லு."

"மூணு நடை."

மன்றத்தில் எப்போதும் அதுதான் வழக்கம். முதல் நடைக்கு முடியாது என்பான். இரண்டாவதுக்குப் பார்க்கலாம் என்பான். மூன்றாவது நடை தாம்பூலத்தோடு போனால் எடுத்துக்கொள்வான். வாரத்துக்கு ஒரு நடை. நாடகத்துக்கு முந்தின மாதம் முழுக்க என் செருப்பு சேவூர்ப் பாதையில்தான் தேயும்.

"இப்பவும் மூணு நடைதான்" என்றான்.

"ஞாயித்துக்கெழம கூட்டம் சென்னியப்பா. மூணு வாரத்துக்கு எங்க போறது?"

"அது உன்ற பாடு."

அவன் சம்சாரம், "வாங்ணா, காப்பி குடிங்க. அவரு இப்பிடித்தான்" என்றாள். குடிக்கவில்லை. எழுந்து நடந்தேன். பஸ் நிறுத்தம் வரைக்கும். அங்கே ஒரு மூச்சு வாங்கிவிட்டுத் திரும்பி வந்தேன்.

"என்ன?" என்றான்.

"கூப்புட வந்தேன். ரெண்டாவது நடை."

எருமைக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். தோள் ஆடியது.

"பாக்கலாம்" என்றான்.

மறுபடி பஸ் நிறுத்தம். முழங்கால் பேசுகிறது. அங்கே பெட்டிக்கடையில் புது வெற்றிலை வாங்கினேன். பையில் இருந்தது வாடிவிட்டது. கடைக்காரப் பொண்ணு, "ஏனுங்க அப்புச்சி, பஸ்ஸு ரெண்டு போயிருச்சு, ஏறாம அங்கயும் இங்கயும் நடக்கறீங்க?" என்றாள். ராஜாவைக் கூப்பிடப் போகிறேன் கண்ணு என்றேன். பயந்து உள்ளே போய்விட்டாள்.

மூன்றாவது நடை. சென்னியப்பன் சட்டை மாட்டிக்கொண்டு நின்றிருந்தான். வெற்றிலையை இரண்டு கையாலும் வாங்கினான்.

"இந்த வாசல்ல யாரும் வந்து கூப்புட்டு எத்தன வருசம் ஆச்சு தெரியுமா?"

"ஞாயித்துக்கெழம வருவீல்ல?"

"தாம்பூலம் எடுத்திருக்கறேன். வாறேன்னு சொல்லல."

அப்போதுதான் காப்பி குடித்தேன். இரண்டு டம்ளர்.

18.11.06 சனி

வெயில். முழங்காலுக்கு ரா. எண்ணெய் தேய்த்தாள்.

"ராசா வருவாருங்களா?"

தெரியவில்லை. உண்மையிலேயே தெரியவில்லை. சாவியை எடுத்துத் துடைத்து வைத்தேன். நாளைக்கு வே.சா.விடம் கொடுக்க வேண்டி வந்தால் துருவோடு கொடுக்கக் கூடாது.

19.11.06 ஞாயிறு

வெயில், காற்று.

வந்தார்கள். குடையோடு, தடியோடு, பேத்தி கையைப் பிடித்துக்கொண்டு. என்னைத் தொட்டுப் பார்த்தவர்கள் மூன்று நான்கு பேர். "உசுரோடதான் இருக்கியா?" பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது. பெஞ்சு பத்தவில்லை.

வே.சா. எழுந்து ஒளிக்காமல் சொன்னார். மண்டபம் சும்மா கிடக்கிறது. கரையான். வாடகை வந்தால் ஆளுக்குக் கொஞ்சம் வைத்தியச் செலவுக்காவது ஆகும். நியாயமான பேச்சு. எல்லார் கண்ணும் வாசலில். ராஜா வரவில்லை.

"அவரே வல்லீங்க. அப்பறம் மண்டபத்த வெச்சு யாரு ஆடறது?" என்றார் மைக் செட்காரர்.

மடியில் இருந்த சாவியைத் தடவினேன்.

அப்போது சென்னியப்பன் வந்தான். சம்சாரத்தோடு. வெள்ளை வேட்டி. யாரையும் பார்க்காமல் பெஞ்சுகளுக்கு நடுவில் நடந்து, நேரே மேடைப் படியேறி, நடு மேடையில் நின்றான். காலால் பலகையைத் தட்டிப் பார்த்தான்.

"கெட்டியாத்தான இருக்குது. இதப் போய்க் கலைக்கறதா?"

கலைக்க வேண்டாம் என்கிறவர்களை வே.சா. கை தூக்கச் சொன்னார். எல்லாக் கையும். வே.சா. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தன் கையையும் தூக்கினார். பக்கத்து அறையை மட்டும் நூலுக்கு வாடகைக்குக் கேட்டார். சரி என்றார்கள். தாடியை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். தைப் பொங்கல் கழித்து ஒரு நாடகம் என்றும் முடிவு.

தீர்மானப் புத்தகத்தை என் மடியில் வைத்தார்கள். முன் வரிசையில் எனக்கு ஒரு நாற்காலி.

"எழுதுங்க செயலாளரே. எல்லாரும் கையெழுத்துப் போட்டுப்போட்டுக் கெளம்பட்டும்" என்றார் வே.சா.

எழுத ஆரம்பித்தேன். நமது மண்டபம் என்பது வரைக்கும் வந்தேன். காதர், "இவன் எழுதி முடிக்கறதுக்குள்ள ஒரு நாடகமே முடிஞ்சிரும்" என்று சொல்லி மேடை ஏறினான். துண்டைத் தலையில் கட்டினான். கால் நொண்டினான். சென்னியப்பன் நெஞ்சை நிமிர்த்தி, "யாரடா அது, என் சபையில்?" என்றான். ஜனம் கைதட்டியது.

என் கால் தானாக எழுந்தது. பக்கவாட்டுக்கு ஓடித் திரைக் கயிற்றைப் பிடிக்க. திரையும் இல்லை, கயிறும் இல்லை. மறுபடி உட்கார்ந்தேன்.

இத்தனை வருசம் நாடகம் போட்டேன். பார்த்தது எல்லாம் பக்கத்திலிருந்து. ராஜாவின் ஒரு காது. ராணியின் முதுகு. முன்னால் உட்கார்ந்து சென்னியப்பன் முகத்தைப் பார்ப்பது இன்றுதான். கண்ணை எப்படி உருட்டுகிறான்! இதைத்தானா ஜனம் பார்த்துக்கொண்டிருந்தது?

வே.சா. குனிந்து, "எழுதியாச்சுங்களா?" என்றார்.

"இருங்க," என்றேன். "அவன் வாளை உருவட்டும்."