நான் அழித்த சிறு வட்டங்கள்

இன்று பகல் பள்ளிப் பட்டறையைத் தாண்டும்போது சூடான பசையின் வாசனை வந்தது. அந்த வாசனை உனக்குப் பிடிக்கும். எனக்குத் தலைவலி தரும். உள்ளே இரண்டாம் படிவ மாணவிகள் நால்வர், சாத்தே இறைச்சி கோக்கும் மூங்கில் குச்சிகளை வெட்டிக்கொண்டிருந்தார்கள். இந்த ஆண்டும் எடை தாங்கும் குச்சிக் கட்டடம் கட்டும் அதே போட்டி, அதே இரண்டு மாடிச் சட்டகம். நம் அறிவியல் ஆசிரியர் சிக்கு என்னைக் கண்டதும் உள்ளே அழைத்தார். போன வருடம் உங்களுடையது ஏன் விழுந்தது என்று இவர்களுக்குச் சொல், பசையில் கவனக்குறைவாக இருந்தால் என்ன ஆகும் என்று விளக்கு என்றார் மலாயில்.

நால்வரும் என்னை ஆவலாகப் பார்த்தார்கள். நான் அங்கிருந்த கணினியின் முன் உட்கார்ந்தேன்.

நாம் வேலையைப் பிரித்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். கணினி எனக்கு, பசைத் துப்பாக்கி உனக்கு. நான் மென்பொருளில் புள்ளி வைத்து, புள்ளிக்குப் புள்ளி கோடு இழுப்பேன். நிற்கும் கோடு தூண், படுத்த கோடு விட்டம், இரண்டும் சந்திக்கும் புள்ளி மூட்டு. எடையைக் கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால் எந்தக் கோடு எவ்வளவு வளையும் என்று வண்ணத்தில் காட்டும். நீ பக்கத்து மேசையில் விரலைச் சுட்டுக்கொண்டு, ஊதிக்கொண்டு, முனகிக்கொண்டிருப்பாய். "உன் வீடு ஒரு சொடுக்குல நின்னுடுது. என் வீட்டுக்குத்தான் உயிர் போவுது."

போட்டிக்கு இரண்டு நாள் முன்பு நீ சட்டகத்தை என்னிடம் தூக்கி வந்தாய்.

"புரொபெசர், இங்க பாரு. கம்ப்யூட்டர்ல இந்த மூட்டு ஆடவே ஆடாதா?"

"ஆடாது. இறுக்கமான மூட்டு."

"இங்க ஆடுது லா. தொட்டுப் பாரு. குறுக்கா ரெண்டு குச்சி வெச்சிடலாம்."

"வெச்சா அசிங்கமா இருக்கும். அறிக்கையும் மாத்தணும்."

"அலமாக்! மேல மணல் மூட்டைய அறிக்கைலயா வைக்கப்போறாங்க?"

நான் சிரிக்கவில்லை. அறிக்கை அச்சாகியிருந்தது. முன் அட்டையில் குறுக்குக் குச்சி எதுவும் இல்லாத என் படம் அவ்வளவு அழகாக இருந்தது.

நீ உணவகத்துக்குப் போன பிறகு நான் செய்ததை உன்னிடம் சொல்லவே இல்லை. அந்த மென்பொருளில் கோடு இழுத்தாலே மூட்டு தானாக இறுக்கமாகிவிடும். அது கீல்போல் திரும்பக்கூடியது என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொன்னால் கோட்டின் நுனியில் ஒரு சிறு வட்டம் தோன்றும். நீ சொன்னது மனத்தை உறுத்தியதால் எல்லா விட்டங்களின் நுனியிலும் வட்டம் போட்டு மறுபடி கணக்கிட்டேன். முன்பு அசைந்ததே தெரியாத மேல்மாடி, பக்கவாட்டு இழுப்பில் முழுதாகச் சாய்ந்தது. திரை சிவந்துபோனது. நான் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒவ்வொரு வட்டமாக அழித்தேன். சேமிக்கட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று அழுத்தினேன். நீ திரும்பி வந்து என் பங்குக்கு வாங்கிய கறிபாப் பலகாரத்தை நீட்டினாய். நான் அதைத் தின்றேன்.

போட்டியன்று மணல் மூட்டையை மேலே வைத்தார்கள். நின்றது. பக்கவாட்டில் கயிற்றை மெல்ல இழுத்தார்கள். சட்டகம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மூட்டுகள் வாய்பிளந்து, அப்படியே படுத்துவிட்டது. நடுவர் உடைந்த துண்டைப் புரட்டிப் பார்த்து, பசை விட்டிருக்கிறது என்றார். "யார் ஒட்டினது?" என்று சிக்கு கேட்டார். நீ கையைத் தூக்கினாய். நான் அறிக்கையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பும் பேருந்தில் பின் இருக்கையிலிருந்து, பசையைச் சொல்லி உன்னைக் கேலி செய்து, "கம் ராணி வாழ்க!" என்று கத்தினார்கள். நீ எழுந்து அவர்களுக்குக் கும்பிடு போட்டாய். உட்கார்ந்த பிறகுதான் உன் முகம் மாறியது.

"சாரிடி. நான்தான் சரியா ஒட்டல போல. உன் கணக்கு எல்லாம் வீணா போச்சு."

"பரவாயில்ல, விடு" என்றேன்.

நீ என்னிடம் மன்னிப்புக் கேட்டாய். நான் பெருந்தன்மையாக மன்னித்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது.

பள்ளி திறந்ததும் சொல்லிவிடலாம் என்று விடுமுறை முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். விடுமுறையின் கடைசி வாரத்தில் உனக்கு டெங்கிக் காய்ச்சல் வந்தது. ஐந்தே நாள். பள்ளி திறந்தபோது பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

இன்று அந்தப் பெண்களிடம் சொன்னேன். பழைய கோப்பைத் திறந்து வட்டங்களைப் போட்டு, மேல்மாடி சாய்வதைக் காட்டினேன். "பசை தப்பில்ல. மூட்டு ஆடும்னு அவ சொன்னா. நான் பார்த்துட்டு மறைச்சிட்டேன்." சிக்கு கைகளைக் கட்டிக்கொண்டு திரையையே பார்த்தார். பிறகு, இதை நீ அவள் அம்மாவிடமும் சொல்ல வேண்டும் என்றார்.

பள்ளி விட்டதும் உன் வீடு இருக்கும் பெர்மாஸ் ஜெயாவுக்குப் பேருந்து ஏறினேன். உன் அம்மா வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கிளிப்பைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார்.

உள்ளே மூட்டுகள். இரண்டு குச்சி, மூன்று குச்சி, நான்கு குச்சி சேரும் மூட்டுகள். குறைந்தது ஐம்பது இருக்கும்.

"லீவு பூரா இதத்தான் ஒட்டிக்கிட்டு இருந்தா. தம்பி தங்கச்சி எல்லாம் பாலோவுல இருக்கிற மாமா வீட்டுக்குப் போனாங்க. வாடின்னா, மாட்டேன்னுட்டா. தன்னாலதான் விழுந்துச்சாம், அடுத்த வருஷம் உன் கணக்கக் காப்பாத்தணுமாம்." டின்னின் மூடியை ஓரமாக வைத்தார். "நீ அப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவளும் போயிருப்பா. மாமா வீட்டுப் பிள்ளைங்களோட ஆடிட்டு வந்திருப்பா."

ஒரு மூட்டினை எடுத்துப் பார்த்தேன். மூலையில் சிறு முக்கோண அட்டையை வைத்து, இரண்டு பக்கமும் நூலால் சுற்றி, அதன்மேல் மெல்லியதாகப் பசை பூசியிருந்தாய். விரல்களால் முறுக்கினேன். இன்னும் அழுத்தி முறுக்கினேன். கொஞ்சமும் அசையவில்லை. கணினியில் நான் பொய்யாகப் போட்டதை நீ உண்மையாக்கி வைத்திருந்தாய்.

"ஒன்னு எடுத்துக்கட்டுமா, ஆன்ட்டி?"

"வேணாம்மா. கோவிச்சுக்காத. இது எல்லாம் இங்கயே இருக்கட்டும்."

கோபித்துக்கொள்ள எனக்கு என்ன இருக்கிறது? அதைத் திரும்ப டின்னில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். பேருந்தில் பார்த்தபோது, அழுத்தி முறுக்கியதில் கட்டைவிரலில் குச்சியின் தடம் பதிந்திருந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது மறைந்துவிட்டது. உன் கடைசி விடுமுறையை நான் எடுத்துக்கொண்டேன் என்பது மட்டும் என்னிடம் இருக்கிறது.