முப்பத்தெட்டுன்னு நீ எழுதின அளவு

என் கண்ணு குருவிக்கு,

உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாதுன்னு சாமியைக் கும்பிட்டுட்டுத்தான் பேனா மூடியைத் திறந்தேன். இங்க நானும் உன் சித்தப்பாவும் சுகமா இருக்கோம், தையல் மெஷினும் எண்ணெய் போட்டதுல இருந்து முனகாம ஓடுது. நீ போன்ல முகத்தைக் காட்டி பதினெட்டு நாள் ஆச்சு. நல்லா இருக்கேன் சித்தின்னு தினம் ஒரு வரி அனுப்புற, உன் சித்தப்பா அதைப் பார்த்துட்டு, அதான் நல்லா இருக்கேன்னு போட்டிருக்கே, இன்னும் என்ன ஆராய்ச்சிங்கிறார். அவருக்கென்ன, சொல்லிட்டுத் திரும்பிப் படுத்தா மறு நிமிஷம் குறட்டை. உங்கம்மா போறப்ப உன் கையை என் கையிலதானே வச்சா, எனக்குல்ல பதைக்குது. நேத்து பொறுக்கமாட்டாம உன்கூட அறையில இருக்கிற பொண்ணுக்கே போன் போட்டுட்டேன். அதுமேல கோவிச்சுக்காத, அது சொல்லமாட்டேன்னுதான் சொன்னது, நான்தான் துருவித் துருவிக் கேட்டு வாங்கினேன்.

ஆஸ்பத்திரி ராத்திரி டூட்டியை விட்டுட்டுப் பகல் டூட்டிக்கு மாற நீ போன பேட்டிக்குப் போட்டுக்கன்னு நான் தச்சு அனுப்பின நீலச் சட்டையில உனக்குப் பட்டனே போட முடியலையாமே. மேல கம்பளிச் சட்டையை மாட்டி மறைச்சுக்கிட்டுப் போனியாம், அங்க வேர்த்துக் கொட்டி, கேட்டதுக்கெல்லாம் தெரிஞ்ச பதிலைக்கூட விழுங்கிட்டு வந்தியாம், அந்த வேலை வேற யாருக்கோ போயிடுச்சாம். தப்பு உன்மேல இல்லடி. நீ காகிதத்துல சரியாத்தான் எழுதி அனுப்பியிருந்த, மார்பு முப்பத்தெட்டு, இடுப்பு முப்பத்தாறுன்னு. நான்தான் நம்பலை. முப்பது வருஷமா ஊர்ல இருக்கிறவங்களையெல்லாம் அளந்த கை, இந்தப் பொண்ணு டேப்பைத் தளர்த்திப் பிடிச்சிருக்கும், இல்லைன்னா கம்பளிச் சட்டையோட அளந்திருக்கும், என் குருவிக்கு ஏது முப்பத்தெட்டுன்னு நெனச்சுக்கிட்டு, அளவு நோட்டுல மூணு வருஷத்துக்கு முந்தி நீ கிளம்பினப்ப எடுத்த முப்பத்திரண்டைப் பார்த்து, பெரிய மனசு பண்ணி ஒரு இஞ்ச் கூட்டி வெட்டிட்டேன். யார் அளவையும் இப்படி நான் திருத்தினதில்ல. உன்னோடதைத்தான் திருத்தினேன்.

அதோட விட்டேனா. ராத்திரி டூட்டி முடிச்சுட்டு வந்து பகல்ல நீ படுக்கிறதாலதான் சதை போடுது, படுக்காத, நட, வேலை செய்யின்னு போன்ல உன்னை ஓயாம விரட்டினேன். நீயும் சித்தி சொன்னாளேன்னு ஆஸ்பத்திரியில இருந்து வந்த காலோட நடக்கப் போய், மூணு மணி நேரம்கூடப் படுக்கலையாம், அதுக்கப்புறம்தான் எடை இன்னும் ஏறிச்சாம். இதைக் கேட்டதுல இருந்து எனக்குத் தலையும் புரியல வாலும் புரியல. தூங்குறவங்கதானே குண்டாகணும். நம்ம தெருவுல ரொட்டிக் கடைக்காரர் மத்தியானம் மூணு மணி நேரம் தூங்குறார், அவர் வயித்தை நீ பார்த்திருக்க. தூங்காதவங்க எப்படிக் குண்டாகிறது, சொல்லு.

இதுல என் கதை ஒண்ணு இருக்கு, சிரிக்காத. நீ இளைக்கணும்னு நான் நாலு மாசமா ஒரு வேண்டுதல் வச்சிருந்தேன், விடிகாலை மூணு மணிக்கு எழுந்து சாமி முன்னாடி உட்கார்றதுன்னு. படுக்கிறதென்னவோ தச்சு முடிச்சு பதினொண்ணரை. நாலு மாசத்துல நாலு கிலோ கூடிப்போச்சு, உனக்கில்ல, எனக்கு. என் ரவிக்கையையே ரெண்டு தடவை பிரிச்சுத் தச்சேன். உன் சித்தப்பா அதைப் பார்த்துட்டு, வேண்டுதல் பலிச்சிருக்குடி, அவ சதைதான் விலாசம் மாறி உனக்கு வந்துடுச்சுங்கிறார். இன்னைக்குக் காலையில தலை சுத்துதுன்னு டாக்டரம்மாகிட்ட போனா, அந்தம்மா என்ன சாப்பிடறீங்கன்னு கேக்கிறதுக்கு முன்னாடி எத்தனை மணி நேரம் தூங்கறீங்கன்னு கேட்டாங்க. சொன்னேன். தூக்கம் குறைஞ்சா பசி கூடும்மா, வயிறு நிறைஞ்சாலும் போதும்னு தோணாது, இனிப்பா எதையாவது வாயில போடச் சொல்லும், அலுப்புல நடமாட்டமும் குறைஞ்சுடும், எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்காது, ஆனா உங்களுக்கு இதுதான் காரணம்னு தோணுதுன்னாங்க. நான் விடாம ரொட்டிக் கடைக்காரரைச் சொன்னேன். அவர் கடையில என்ன சாப்பிடறார்னு பார்த்தீங்களான்னு கேட்டாங்க. வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னைத் திறந்தா காலி. இத்தனை நாளா உன் சித்தப்பாதான் தின்னுட்டு மழுப்புறார்னு சண்டை போட்டிருக்கேன், மெஷின் அடியில பார்த்தா நூல் துண்டோட பிஸ்கட் தூள்.

எனக்கு இன்னும் முழுசா விளங்கலை கண்ணு. சாமிக்காக முழிச்சதும் உடம்பு கணக்குல தப்பா, நல்லதுக்குச் சொன்ன புத்தியே உனக்குக் கெடுதலா வந்துச்சா, யோசிச்சா சுத்திச் சுத்தி அங்கேயே வந்து நிக்கிறேன். ஒண்ணு மட்டும் தெரியுது. நீ சோம்பேறியும் இல்ல, தின்னிப்பண்டாரமும் இல்ல, ஆள் அசந்து போயிருக்க. நான் அளந்து பார்க்காமலே உன்னைத் திட்டிட்டேன். நேத்தே புது நீலச் சட்டை வெட்டிட்டேன், நீ எழுதின முப்பத்தெட்டு, முப்பத்தாறு, ஒரு நூல் கூட்டல குறைக்கல. ரெண்டு பக்கமும் உள்ள துணி நிறைய விட்டிருக்கேன், பிரிச்சும் விட்டுக்கலாம், பிடிச்சும் தச்சுக்கலாம், உடம்பு எப்படி வேணும்னாலும் இருக்கட்டும், அடுத்த பேட்டிக்கு மூச்சு விட்டுக்கிட்டுப் போ. இனிமே காலையில வீட்டுக்கு வந்ததும் கையைக் காலைக் கழுவிட்டுப் படு, நடக்கிறதெல்லாம் தூங்கி எழுந்து பார்த்துக்கலாம். நானும் நாளையில இருந்து ஆறு மணிக்குத்தான் எழுந்திருப்பேன். சாமி அதுவரைக்கும் காத்திருக்கும், கோவிச்சுக்காது.

நோய் நொடி இல்லாம, கண் நிறையத் தூங்கி நீ நல்லா இருக்கணும். உன் அறை ஜன்னல்ல பகல் வெயில் நேரா முகத்துல அடிக்குதுன்னு அந்தப் பொண்ணு சொன்னா. கெட்டியாக் கறுப்புத் துணி வாங்கி மேசை மேல வச்சிருக்கேன், வெட்டலை. ஜன்னலை அளந்து அகலம் உயரம் எழுதி அனுப்பு. நீ என்ன எழுதுறியோ அதையே வெட்டுறேன்.

உன் அளவை நம்பாம போன
சித்தி