ராத்தா சொல்லாமல் வைத்த புண்

ராத்தா,

இன்று காலை கெலிஓயாவில் நல்ல பனி. கம்பளிக் காலுறை தேடி என் மகள் அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறினாள். பூச்சி உருண்டை மணத்தோடு உங்களுடைய சாம்பல் நிறக் காலுறைகள் வெளியே விழுந்தன. "பெரியும்மாடதா?" என்று கேட்டவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு அவற்றைத் திரும்ப உள்ளே வைத்தாள்.

சீனி வருத்தம், இந்தச் சர்க்கரை நோய், நம் குடும்பத்தை விட்டதில்லை. உம்மாவின் வாப்பாவுக்கு அதில் கண் போனது. உம்மாவுக்கு இடது கால், முழங்காலுக்குக் கீழே. அதற்குப் பிறகு உம்மாவைக் கட்டிலிலிருந்து கதிரைக்கும், கதிரையிலிருந்து குளியலறைக்கும் தூக்கியது மூத்த மகளான நீங்கள்தான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "இவவ யாருக்கிட்ட விட்டுட்டுப் போற?" என்று சிரித்தபடியே தட்டிக் கழித்தீர்கள். நான் கல்யாணம் முடித்துக் கண்டி டவுனுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வருவேன்.

அந்த டிசம்பரில் நீங்கள் வீட்டுக்குள்ளும் காலுறையோடுதான் நடந்தீர்கள். கேட்டால், "குளிருது" என்பீர்கள். சமையலறையில் வெங்காயம் வதங்கும் வாசனைக்கு அடியில் வேறொரு நாற்றம் இருந்தது. எலி செத்துக் கிடக்கிறதாக்கும் என்று அடுப்புக்குப் பின்னால், அரிசி வாளிக்குப் பின்னால் எல்லாம் தேடினேன். நீங்களும் என்னோடு சேர்ந்து தேடினீர்கள், ராத்தா.

அடுத்த வெள்ளிக்கிழமை, சோறு வடித்துக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தீர்கள். காலுறையைக் கழற்றியது நான்தான். பெருவிரல் கறுத்துப் பாதம் வீங்கியிருந்தது. சீனிப் புண், காலை எடுத்தால்தான் உயிர் தப்பும் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். நீங்கள் மாட்டேன் என்று தலையாட்டினீர்கள்.

"உம்மாவ யாரு தூக்குற?"

"நான் தூக்குறன் ராத்தா."

"உன்ட வீடு? புள்ளைகள்?"

"எல்லாரையும் கூட்டிட்டு வாறன். நீங்க கையெழுத்தப் போடுங்க."

மறுநாள்தான் போட்டீர்கள். அதற்குள் நஞ்சு இரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது. காலை எடுத்தும் உங்களைக் காப்பாற்ற முடியவில்லை.

சொன்னபடி வந்துவிட்டேன். உம்மாவைத் தூக்கும்போது என் இடுப்பு விட்டுப்போகிறது. இதே பாரத்தைப் புண்ணான காலில் நின்று எப்படித் தாங்கினீர்கள்?

உம்மா உங்களைப் பற்றிப் பேசாமலே இருந்தார். உங்கள் மையித்தை வீட்டுக்குக் கொண்டுவந்தபோதும் அழவில்லை. "எனக்கிட்ட செல்லாம மறச்சி வெச்சாளே" என்றார், அவ்வளவுதான். அதன்பின் உங்கள் பெயரை அவர் வாயால் நான் கேட்கவில்லை.

போன வாரம் என் இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. எனக்கும் சீனி. கிளினிக்கிலிருந்து வந்ததும் உம்மாவின் முன் போய் நின்று சொன்னேன். உம்மா என் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நீயாவது செல்லினியே, மகள்."

பிறகு உங்கள் பெயரைச் சொல்லி அழத் தொடங்கினார். அஸருக்குப் பாங்கு சொல்லி, தொழுகையும் முடிந்து, பள்ளியிலிருந்து ஆட்கள் ரோட்டில் திரும்பிப் போகும் வரைக்கும் அந்த அழுகை நிற்கவில்லை. நானும் நிறுத்தச் சொல்லவில்லை, ராத்தா.