பஸ்ஸைத் துரத்தும் ஆமை

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஃபோனை எடுப்பதில்லை என்று நீ சபதம் எடுத்திருப்பதால் கடிதம். இதையும் பிரிக்காமல் போட்டுவைத்தால் நேரில் வந்து நிற்பேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. உன்னை நினைத்துத்தான் புலம்பல். உன் படங்கள் சிறுபிள்ளைத்தனமாக இருக்கின்றன என்று கம்பெனிக்காரர்கள் உன்னை வேலையை விட்டு அனுப்பினார்கள், சரி. அதற்காக இனி வரையவே மாட்டேன் என்று, என் இரண்டாம் வகுப்பு இங்கிலீஷ் பாடத்துக்கு வரைந்த காமிக்ஸையும் பாதியில் அனுப்பிவிட்டாயே! ஆறு கட்டம், பேச்சு பலூன்களில் ஒரு வார்த்தை கிடையாது. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அதுவும் எந்த நேரத்தில்? "பொம்மை காட்டினது போதும் டீச்சர். வியாழக்கிழமை வந்து பார்ப்பேன். பிள்ளைங்க வாயில இங்கிலீஷ் வரலைன்னா, பழையபடி போர்டுல எழுதிப்போட்டுக் காப்பி பண்ண வைங்க" என்று தலைமையாசிரியை கெடு வைத்திருந்த நேரத்தில். நேற்று அவர் வந்து பின்னால் நின்றார். வேறு வழியில்லாமல் உன் வெற்று பலூன்களையே திரையில் போட்டேன்.

வகுப்பு அமளிதுமளிப்பட்டது. டிரைவர் முயல் என்ன சொல்லும், ஜன்னலோர யானை என்ன சொல்லும் என்று கேட்டதுதான் தாமதம். ஸ்டாப், ஃபுல், ஹரி அப் என்று தெரிந்ததையெல்லாம் கொட்டினார்கள். பஸ்ஸின் பின்னால் ஓடும் ஆமையின் பலூன் மட்டும் மிச்சம். அப்போது கல்லுளிமங்கி எழுந்தாள். பள்ளி திறந்ததிலிருந்து வாயே திறக்காத பெண் என்று எழுதியிருந்தேனே, அவள்தான். திரையருகே போய் ஆமையைத் தொட்டு, "வெயிட்! ஐ ஆம் கமிங்!" என்று கத்தினாள். நான் அழுதுவிட்டேன், தம்பி. பிள்ளைகள் முன்னாலேயே.

"டேர்ம் முடியற வரைக்கும் நடத்துங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார் தலைமையாசிரியை. அது எனக்குப் போதும். இனி வாரம் ஒரு கதை வேண்டும். பலூன்களை நீ நிரப்ப வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இலவசப் படங்கள் நெட்டில் கிடைக்குமே என்றார் உன் அத்தான். முடியாது என்றுவிட்டேன். எனக்குச் சிறுபிள்ளைத்தனமான படங்கள்தான் வேண்டும்; என்னிடம் இருப்பவர்கள் சிறுபிள்ளைகள்.

இன்று காலை கல்லுளிமங்கி என் மேசைக்கு வந்து, பஸ் நின்றதா என்று கேட்டாள். தெரியாது, என் தம்பிதான் வரைய வேண்டும் என்றேன். கட்டாயம் வரைவாரா என்றாள். வரைவான் என்று சொல்லிவிட்டேன்.

உன் கை நன்றாக இருக்கட்டும்.

உன் அக்கா